ஆப்ல சந்தா விக்கப் போறீங்களா: கோடு எழுதுறதுக்கு முன்னாடியில இருந்து காசு கைக்கு வர்ற வரைக்கும்

சந்தா வெச்ச ஆப்பை ஸ்டோர்ல ஏத்தி, ரிஜெக்ட் வாங்கி, திருத்தி, மறுபடி ஏத்தின அனுபவம் எனக்கு இருக்கு. அதுக்கப்புறம் புதுசா வர்ற பசங்க அதே குழியில அதே மாதிரி விழுறதையும் பக்கத்துல உக்காந்து பாத்தாச்சு. இவங்க யாரும் கோடிங் தெரியாம விழல, வேலையை வரிசை மாத்தி செஞ்சுதான் விழுறாங்க. பேமென்ட் கேட்வேயை (யுபிஐ, கார்டு வழியா காசு வாங்கித் தர்ற சேவை) ஆப்ல கோத்து, ஸ்க்ரீன் எல்லாம் அழகா போட்டு, ரிலீஸ் தேதியை நோட்டீஸ்ல அடிச்சு, கடைசி வாரத்துல ஸ்டோர்காரங்க பண்ற ரிவ்யூக்கு அனுப்புனா "இதை இப்படி விக்கக் கூடாது"ன்னு ஒரு பதில் வரும், அப்ப பேமென்ட் பக்கத்தை முழுசா பிச்சுப் போட்டு மறுபடி கட்டணும்.

அதனால இங்க இருக்குற வரிசையிலயே போங்க. உதாரணத்துக்கு ஒரே ஒரு ஆப்பை எடுத்துக்குறேன்: டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பயிற்சி ஆப், மாசம் 199 ரூபா, வருஷம் 1499 ரூபா. உள்ள மாதிரித் தேர்வு, ரெக்கார்ட் பண்ண வீடியோ, ஞாயித்துக்கிழமை லைவ் க்ளாஸ், தனியா ஆசிரியர் கிட்ட சந்தேகம் கேக்குற ஒரு வசதி, இது போக கூரியர்ல வர்ற புத்தகம். ஐபோன், ஆண்ட்ராய்ட், வெப்சைட் மூணுலயும் விக்கணும்.

1. விக்கிற சரக்கை முதல்ல தனித்தனியா எழுதுங்க

லேப்டாப்பைத் திறக்காதீங்க, ஒரு பேப்பர் போதும். நீங்க தர்றது என்னென்னன்னு வரி வரியா எழுதுங்க. ஸ்டோர் ரூல் உங்க ஆப்பை மொத்தமா பாக்காது, ஒவ்வொரு சரக்கையும் தனியாத்தான் பாக்கும்.

மாதிரித் தேர்வும் வீடியோவும் போனுக்குள்ளயே பயன்படுற டிஜிட்டல் சரக்கு. ஆப்பிள் கைட்லைன் 3.1.1 படி இதை ஆப்புக்குள்ள வித்தா ஆப்பிளோட இன் ஆப் பர்சேஸ் (ஆப்பிளே காசு வாங்குற முறை) வழியாத்தான் விக்கணும், கூகுள் ப்ளேலயும் அவங்களோட ப்ளே பில்லிங்தான். ஆப்புக்குள்ள நேரா யுபிஐ பட்டன் வைக்கிறது, கியூஆர் கோடு காட்டி ஸ்க்ரீன்ஷாட் வாட்ஸாப்ல அனுப்பச் சொல்றது, இதெல்லாம் இந்த இடத்துலதான் அடி வாங்கும்.

கூரியர்ல போற புத்தகம் நேர் எதிர். கைல தொடுற பொருளுக்கு இன் ஆப் பர்சேஸ் போடவே கூடாது, வேற வழியிலதான் காசு வாங்கணும். இது தெரியாம பயந்துபோய் புத்தகத்தையும் ஸ்டோர் வழியா வித்து ரிஜெக்ட் ஆனவங்களும் உண்டு.

நடுவுல இருக்குறதுதான் குழப்பம், லைவ் க்ளாஸ். ஒரு ஆசிரியர், ஒரு மாணவர், நேரடியா பேசுறாங்கன்னா ஆப்பிள் கைட்லைன் 3.1.3 டி அதுக்கு வெளிப் பேமென்ட்டை அனுமதிக்குது. ட்யூஷன், டாக்டர் ஆலோசனை எல்லாம் இந்த வகைதான். ஆனா ஒரு ஆசிரியர் நாலு பேருக்கு எடுத்தாலும் நானூறு பேருக்கு எடுத்தாலும் அது இன் ஆப் பர்சேஸ் கணக்கு. "லைவ்தானே சார், டிஜிட்டல் இல்லையே"ன்னு வாதாடிப் பாத்தவங்க யாரும் ஜெயிச்சு நான் பாக்கல.

இதுல எல்லாரும் பண்ற தப்பு மூட்டை கட்டுறது. "வருஷ சந்தா எடுத்தா புத்தகம் இலவசம்"னு ரெண்டு வகையையும் ஒரே விலைல கட்டிட்டா எந்த வழியில காசு வாங்குறதுன்னு நீங்களும் குழம்பி ரிவ்யூ பண்றவரையும் குழப்புவீங்க. சந்தாவுல டிஜிட்டல் மட்டும் இருக்கட்டும், புத்தகத்தைத் தனியா வில்லுங்க.

2. எந்த வாசல் வழியா காசு வாங்குறதுன்னு முடிவெடுங்க

மூணு வழி இருக்கு. ஆப்ல எதையும் விக்காம வெப்சைட்ல வித்துட்டு ஆப்ல லாகின் மட்டும் வைக்கிறது, ஸ்டோர் வழியா மட்டும் விக்கிறது, ரெண்டுலயும் விக்கிறது.

முதல் வழியைப் பாத்ததும் எல்லாருக்கும் ஆசை வரும், "நெட்ஃப்ளிக்ஸ் ஆப்ல அப்படித்தானே இருக்கு"ன்னு கேப்பாங்க. அது ரீடர் ஆப்ங்கிற வகைக்குள்ள வருது. பத்திரிகை, புத்தகம், பாட்டு, வீடியோ இதுங்கதான் அந்த வகை. இது போக, வெப்ல காசு கட்டி பயன்படுத்துற ஈமெயில், க்ளவுட் ஸ்டோரேஜ் மாதிரி டூல்களுக்குத் துணையா வர்ற இலவச ஆப்புக்கும் ஆப்பிள் வழி விட்டிருக்கு. தேர்வு எழுதி மார்க் பாக்குற ஆப் இந்த ரெண்டுலயும் சுலபமா அடங்காது. கூகுள் பக்கம் இவ்வளவு இறுக்கம் இல்ல, ஆப்ல எதையும் விக்காம வெளிய வாங்கினவங்க லாகின் பண்ணிப் பயன்படுத்துற மாதிரி வெச்சுக்க விடுறாங்க. ஆனா அந்த ஆப்ல "வெப்சைட்ல போய் வாங்குங்க"ன்னு லிங்க் போட முடியாது.

நம்ம மாதிரி ஆளுங்களுக்கு நான் சொல்றது மூணாவது வழி. கைட்லைன் 3.1.3 பி படி வெப்ல வாங்கினவங்க ஐபோன் ஆப்ல வந்து பயன்படுத்தலாம், ஒரே நிபந்தனை, அதே சரக்கு ஆப்லயும் இன் ஆப் பர்சேஸா கிடைக்கணும். வெப்ல விலையைக் குறைச்சு வெச்சாலும் தப்பில்ல, ஆனா "வெப்ல கம்மி"ன்னு ஆப்புக்குள்ள ஒரு வார்த்தை வரக்கூடாது. ஈமெயில்ல சொல்லலாம், அதுக்கு ஆப்பிளே அனுமதி குடுத்திருக்கு. அதனால சைன் அப்ல ஈமெயில் வாங்குங்க, போன் நம்பர் மட்டும் வாங்கி வெச்சா பின்னாடி வருத்தப்படுவீங்க.

அமெரிக்கா மட்டும் வேற கதை. ஃபோர்ட்நைட் கேம் பண்ற எபிக் கம்பெனி ஆப்பிள் மேல போட்ட வழக்குல 2025 ஏப்ரல் 30 அன்னைக்கு வந்த கோர்ட் உத்தரவுக்கு அப்புறம் அமெரிக்க ஸ்டோர்ல வெளி லிங்க், பட்டன் எல்லாம் வைக்கலாம்னு ஆப்பிள் கைட்லைனை மாத்துச்சு. நம்ம தேர்வு ஆப்புக்கு இதனால ஒண்ணும் இல்ல. ஆனா அமெரிக்காவுல இருக்குற தமிழ்க் குழந்தைகளுக்கு பாட்டு, தமிழ் வகுப்புன்னு விக்கிறவங்க கவனிக்கணும். ஸ்டோர் நாட்டைப் பாத்து அந்த பட்டனைக் காட்டுற மாதிரி கோடு இருக்கணும், இந்திய ஸ்டோர்ல தப்பித் தவறி வந்துட்டா அது ரூல் மீறல். அதோட இது கோர்ட் வாசல்ல நிக்கிற விஷயம், அப்ளை பண்ற நாள்ல கைட்லைனை ஒருதடவை முழுசா படிச்சுட்டு போடுங்க.

3. பேப்பர் வேலையை இன்னைக்கே ஆரம்பிங்க

கோடு ரெடியானதும் பாத்துக்கலாம்னு விடுறது இதைத்தான், கடைசியில ரெண்டு மூணு வாரம் கழுத்தைப் பிடிக்கிறதும் இதுதான்.

ஆப்பிள் டெவலப்பர் கணக்கு வருஷத்துக்கு 99 டாலர், கூகுள் ஒரே தடவை 25 டாலர். கம்பெனி பேர்ல எடுத்தா ரெண்டு இடத்துலயும் டன்ஸ் நம்பர் (கம்பெனிகளுக்குத் தர்ற ஒரு அடையாள எண்) கேப்பாங்க. அது இலவசம்தான், ஆனா வர நாளாகும், கம்பெனி பதிவுல இருக்குற பேரும் முகவரியும் எழுத்து பிசகாம இருக்கணும். தனி ஆளா எடுத்தா ஆப்பிள் ஸ்டோர்ல உங்க சொந்தப் பேரு விக்கிறவர் இடத்துல வரும், வீட்ல கேட்டுக்கோங்க.

கூகுள்ல தனி ஆள் கணக்கு 2023 நவம்பர் 13க்கு அப்புறம் ஆரம்பிச்சிருந்தா, வெளியிடுறதுக்கு முன்னாடி 12 பேர் தொடர்ச்சியா 14 நாள் க்ளோஸ்ட் டெஸ்ட்ல (நீங்க அழைச்சவங்க மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பாக்குறது) இருக்கணும். நடுவுல ஆள் கழண்டா கணக்கு கெட்டுடும். அதனால 12 பேருக்கு 12 பேரைச் சேக்காதீங்க, இருபது பேரைச் சேத்து வைங்க, மச்சான் சித்தப்பா பையன் யாரா இருந்தாலும் சரி.

அடுத்தது ஆப் ஸ்டோர் கனெக்ட்ல (டெவலப்பர்களுக்கான ஆப்பிள் வெப்சைட்) பெய்ட் ஆப்ஸ் ஒப்பந்தம். இதுல கையெழுத்து, பேங்க் விவரம், வரி ஃபார்ம் மூணும் முடிஞ்சு "ஆக்டிவ்"னு காட்டணும். இது முடியலைன்னா உங்க கோடு எவ்வளவு சரியா இருந்தாலும் சந்தா லிஸ்ட் காலியாத்தான் வரும். "ஸ்டோர்கிட் (வாங்குற வேலைக்கு ஆப்பிள் தர்ற கோடு) வேலை செய்யல, ரெண்டு நாளா தேடுறேன்"னு என்கிட்ட வர்றவங்க கிட்ட நான் முதல்ல கேக்குறதே ஒப்பந்தம் ஆக்டிவா இருக்கான்னுதான். முக்கால்வாசி நேரம் அங்கயே கேஸ் முடிஞ்சுடும்.

கடைசியா ஸ்மால் பிசினஸ் ப்ரோக்ராம். போன வருஷ வருமானம் 10 லட்சம் டாலருக்குள்ள இருந்தா ஆப்பிள் கமிஷன் 30% இல்ல, 15%தான். ஆனா தானா வராது, நீங்க விண்ணப்பிக்கணும். ஒத்துக்கிட்ட உடனேயும் அமலுக்கு வராது, அவங்க நிதி மாசம் முடிஞ்சு 15 நாள் கழிச்சுத்தான். விக்க ஆரம்பிச்சு ஆறு மாசம் கழிச்சு இதைக் கண்டுபிடிச்சு தலையில கை வெச்ச ஆளுங்களை எனக்குத் தெரியும். முதல் நாளே போட்டுடுங்க.

4. விலையை கால்குலேட்டர் வெச்சுப் போடுங்க

ஸ்டோர்ல காட்டுற 199 ரூபா வரி உள்பட. 18% ஜிஎஸ்டியைக் கழிச்சா 168 ரூபா 64 காசு. அதுல 15% கமிஷன் போனா கைக்கு 143 ரூபா சொச்சம், 30% போனா 118 ரூபா. இதே 199ஐ வெப்ல வித்து கேட்வே 2% எடுக்குதுன்னு வெச்சுக்கிட்டா சுமார் 164 ரூபா நிக்கும்.

இந்தக் கணக்கை ஏன் இப்பவே போடச் சொல்றேன்னா, ஆசிரியருக்கு சந்தாவுல பாதின்னு 199ல பாதி பேசி முடிச்சுட்டு வந்த ஒரு டீம் இருக்கு. அவங்களுக்கு 30% கழிச்சு வந்த 118ல 100 ரூபாயை ஆசிரியர் வாங்கிட்டுப் போனாரு. பங்கு பேசுறப்போ எப்பவும் "வரி, கமிஷன் போக வந்த தொகையில"ன்னு எழுதி வாங்குங்க.

கமிஷன்ல இன்னொரு விவரம். சின்ன கம்பெனி சலுகையில இல்லாதவங்களுக்கு ஆப்பிள்ல முதல் வருஷம் 30%, ஒரு ஆள் ஒரு வருஷம் காசு கட்டி முடிச்சதும் அவர் கணக்குக்கு மட்டும் 15%. நடுவுல 60 நாளுக்கு மேல இடைவெளி விட்டா அந்த ஒரு வருஷம் மறுபடி முதல்ல இருந்து. கூகுள்ல 2022 ஜனவரியில இருந்து சந்தாவுக்கு முதல் நாள்லயே 15%.

இந்தியாவுல கூகுள் ப்ளேல யூஸர் சாய்ஸ் பில்லிங்னு ஒண்ணு இருக்கு, ப்ளே பில்லிங் பக்கத்துலயே உங்க கேட்வேயையும் காட்டலாம், யூஸர் அதைத் தேர்ந்தெடுத்தா கூகுள் 4 புள்ளி குறைச்சு 11% எடுக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கும். 168.64ல 11%னா 18 ரூபா 55 காசு, மேல கேட்வேக்கு ஒரு 4 ரூபா 70 காசு, மிச்சம் 145 ரூபா. ஆக சாதா வழியை விட ரெண்டு ரூபா கூட. அந்த ரெண்டு ரூபாய்க்கு ரெண்டு பில்லிங் கோடு, ஒவ்வொரு விற்பனையையும் 24 மணி நேரத்துக்குள்ள கூகுளுக்கு ஏபிஐல (ஒரு சர்வர் இன்னொரு சர்வர் கூட பேசுற வழி) சொல்றது, ரீஃபண்டை நீங்களே பாக்குறதுன்னு வேலை. பெரிய கம்பெனிக்கு சரி, மூணு பேர் டீமுக்கு வேண்டாம்ங்கிறது என் கருத்து.

ரூலை மதிக்காம இருந்துடலாம்னு யாராவது ஐடியா குடுத்தா 2024 மார்ச் 1ஐ ஞாபகப்படுத்துங்க. சென்னையில இருக்குற மேட்ரிமோனி டாட் காமோட ஆப்களையும் சேத்து பல இந்திய ஆப்களை ப்ளே ஸ்டோர்ல இருந்து அன்னைக்கு எடுத்தாங்க, மத்திய அரசு தலையிட்டு சில நாள்ல திரும்ப வந்துச்சு. நம்ம குரூப் 4 ஆப்புக்காக எந்த மந்திரியும் போன் போட மாட்டாரு.

5. யார் சந்தாதாரர்னு உங்க சர்வர் சொல்லணும்

இப்பதான் கோடு. ஆனா இன்னும் ஆப் கோடு இல்ல, சர்வர் கோடு.

வெப், ஆப்பிள், கூகுள்னு மூணு வாசல்ல காசு வருது. மூணையும் ஒரே இடத்துல சேக்குற ஒரு டேபிள் வேணும்: யூஸர், எங்க வாங்கினாரு, எந்த ப்ளான், எப்ப முடியுது, இப்ப என்ன நிலைமை. ஆப் திறந்தா இந்த டேபிளைக் கேக்கணும். போன்ல "ப்ரீமியம் ஆமா"ன்னு ஒரு மார்க் போட்டு வைக்கிறவங்க போன் மாத்துற முதல் யூஸர் கிட்டயே திட்டு வாங்குவாங்க.

ஸ்டோர்ல வாங்கினவர் உங்க சர்வர்ல யாருன்னு கோக்குறதுக்கு, வாங்குற நேரத்துலயே உங்க யூஸருக்கான அடையாளத்தை கூட அனுப்புங்க. ஆப்பிள்ல அது ஆப் அக்கவுண்ட் டோக்கன், யூயூஐடி வடிவத்துல இருக்கணும். கூகுள்ல அப்ஃபஸ்கேட்டட் அக்கவுண்ட் ஐடி. ஈமெயிலை அப்படியே அனுப்பாதீங்க. இதை விட்டுட்டா பின்னாடி ஒரு ரீஃபண்ட் தகவல் வர்றப்போ அது யாருக்குன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க.

அப்புறம் ரெண்டு ஸ்டோரும் நடக்குறதைச் சொல்லி விடுற மணி. ஆப்பிள்ல சர்வர் நோட்டிஃபிகேஷன் வெர்ஷன் 2, கூகுள்ல பப் சப்ங்கிற அவங்க மெசேஜ் சேவை வழியா வர்ற ரியல் டைம் நோட்டிஃபிகேஷன். ரினியூ ஆச்சு, பணம் ஃபெயில், ரீஃபண்ட், முடிஞ்சு போச்சு எல்லாம் இதுல வரும், யூஸர் ஆப்பைத் திறக்கலைன்னாலும் வரும். மணி அடிச்சா அந்தத் தகவலை மட்டும் நம்பி டேபிளை மாத்தாம, ஸ்டோர் ஏபிஐயைக் கேட்டு இப்போதைய நிலைமையை எடுத்து எழுதுங்க, ஏன்னா மணி சில நேரம் ரெண்டு தடவை அடிக்கும், சில நேரம் வரிசை மாறி அடிக்கும்.

கூகுள்ல ஒரு கண்ணி இருக்கு, பெரிய கண்ணி. வாங்கின மூணு நாளுக்குள்ள அந்தப் பர்சேஸை நீங்க அக்னாலெட்ஜ் பண்ணலைன்னா (வந்துச்சுன்னு கூகுளுக்கு உறுதி சொல்லலைன்னா) பணம் தானா திரும்பிப் போயிடும். விற்பனை நடந்த மாதிரி இருக்கும், மூணாம் நாள் எல்லாம் வரிசையா ரீஃபண்ட் ஆகும், ஆளு எதுக்கு ஓடுறாங்கன்னு மண்டை காயும். ஆப்பிள்ல ட்ரான்சாக்ஷனை ஃபினிஷ் பண்ணணும் (முடிஞ்சதுன்னு ஆப்பிளுக்குச் சொல்லணும்), இல்லைன்னா ஆப் திறக்குறப்பல்லாம் அதே பழைய வாங்கல் திரும்பத் திரும்ப வந்து நிக்கும். ரெண்டையும் உங்க சர்வர் டேபிள்ல எழுதினதுக்கு அப்புறம்தான் செய்யணும். முதல்ல ஃபினிஷ் பண்ணிட்டு நெட் போயிடுச்சுன்னா காசு கட்டினவருக்கு வீடியோ திறக்காது.

நம்ம ஊர்ல ஒரே போன்ல அக்கா ஒரு லாகின், தம்பி ஒரு லாகின் வெச்சிருப்பாங்க. ஸ்டோருக்கு அது ஒரே ஆள். அக்கா வாங்கிட்டா தம்பிக்கு "ஏற்கனவே சந்தா இருக்கு"ன்னு வரும். இதுக்கு என் வழி, முதல்ல வாங்கின லாகினோட ஒரிஜினல் ட்ரான்சாக்ஷன் ஐடியைக் (அந்த வாங்கலுக்கு ஆப்பிள் தர்ற எண்) கட்டிப் போட்டுட்டு, ரெண்டாவது ஆளுக்கு "இந்த போன்ல இருக்குற சந்தா வேற லாகின்ல சேந்திருக்கு"ன்னு தெளிவா ஒரு வரி காட்டுறது.

6. ஸ்டோர்ல ப்ளானை உருவாக்குங்க

ஆப்பிள்ல மாச ப்ளானையும் வருஷ ப்ளானையும் ஒரே சப்ஸ்கிரிப்ஷன் க்ரூப்ல போடுங்க. ஒரு க்ரூப்ல ஒரு நேரத்துல ஒரு சந்தாதான் ஓடும். தனித்தனி க்ரூப்ல போட்டா மாசம் வெச்சிருக்குறவர் வருஷத்தையும் வாங்கி ரெண்டுக்கும் காசு கட்டுவாரு, திட்டு நமக்கு. இலவச ட்ரையலும் க்ரூப்புக்கு ஒருதடவைதான் ஒரு ஆளுக்கு.

கூகுள்ல அமைப்பு வேற: மேல ஒரு சந்தா, அதுக்குள்ள பேஸ் ப்ளான், அதுக்குள்ள ஆஃபர். இங்க மாசமும் வருஷமும் ரெண்டு பேஸ் ப்ளான். ட்ரையல் ஒரு ஆஃபர்.

ப்ராடக்ட் ஐடியை யோசிச்சு வைங்க. ஒருதடவை வெச்சா மாத்த முடியாது, அழிச்சாலும் அதே பேரை மறுபடி பயன்படுத்த முடியாது. ஐடியில 199னு விலையைப் போட்டு வெச்ச ஒரு ஆப் இன்னைக்கு 249க்கு விக்குது, புதுசா சேர்ற ஒவ்வொரு டெவலப்பரும் அதைப் பாத்துக் குழம்புறாங்க.

7. காசு கேக்குற ஸ்க்ரீன்

ரிவ்யூ பண்றவர் இந்த ஒரு ஸ்க்ரீனைத்தான் பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பாரு.

உண்மையில வெட்டப் போற தொகைதான் பெரிய எழுத்துல இருக்கணும். "ஒரு நாளைக்கு வெறும் 4 ரூபா"ன்னு கொட்டை எழுத்துல போட்டு 1499ஐ எறும்பு சைஸ்ல போட்டா ரிஜெக்ட். "7 நாள் இலவசம்"னு பெருசா போட்டு அப்புறம் எவ்வளவுன்னு ஒளிச்சாலும் அதேதான். எத்தனை நாள் இலவசம், முடிஞ்சதும் எவ்வளவு, எத்தனை மாசத்துக்கு ஒருதடவை, தானா புதுப்பிக்கும், இது நாலும் பட்டன் பக்கத்துல இருக்கணும்.

விலையை கோடுல எழுதாதீங்க, ஸ்டோர் தர்றதை அப்படியே காட்டுங்க. சிங்கப்பூர் கணக்கு வெச்சிருக்குறவருக்கு அந்த ஊர் காசுல வெட்டும், உங்க ஸ்க்ரீன்ல 199 ரூபான்னு இருந்தா அது பொய் விலை.

பயன்பாட்டு விதிமுறை லிங்க், ப்ரைவசி லிங்க், ரீஸ்டோர் பட்டன் (ஏற்கனவே வாங்கினதைத் திரும்பக் கொண்டு வர்றது) மூணும் ஆப்பிளுக்குக் கட்டாயம். ஆப்ல லாகின் இருந்தா அக்கவுண்ட்டை அழிக்கிற வசதியும் ஆப்புக்குள்ளயே இருக்கணும், 2022 ஜூன் 30ல இருந்து ரூல். அழிக்கிற இடத்துல "அக்கவுண்ட் போனாலும் சந்தா நிக்காது, ஸ்டோர்ல போய் தனியா கேன்சல் பண்ணுங்க"ன்னு சொல்லி, அந்த ஸ்டோர் பக்கத்துக்கே ஒரு பட்டன் குடுத்துடுங்க.

8. டெஸ்ட்: வாங்குறது மட்டும் டெஸ்ட் இல்ல

ஒருதடவை வாங்கிப் பாத்து "வேலை செய்யுது"ன்னு கைய தட்டிட்டுப் போயிடுவாங்க. வாங்குறது சுலபம், பின்னாடி நடக்குறதுதான் உடையும்.

ஆப்பிள் சேண்ட்பாக்ஸ்ல (நிஜக் காசு இல்லாம வாங்கிப் பாக்குற இடம்) ஒரு மாசம்ங்கிறது 5 நிமிஷம், கூகுள் லைசென்ஸ் டெஸ்டர் கணக்குலயும் மாச சந்தா 5 நிமிஷத்துல புதுப்பிக்கும். ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள ரெண்டு ரினியூவல் பாத்துடலாம். கூகுள்ல எப்பவும் ஃபெயில் ஆகுற டெஸ்ட் கார்டு, மெதுவா ஓகே ஆகுற கார்டு எல்லாம் இருக்கு, அதையும் போட்டுப் பாருங்க.

இதை மட்டும் விடாதீங்க: பணம் கட்டுற நடுவுல ஆப்பை மூடுறது, கேன்சல் பண்ணிட்டு மிச்ச நாள் ஓடுதான்னு பாக்குறது, மாசத்துல இருந்து வருஷத்துக்கு மாறுறது, ஆப்பை அழிச்சு மறுபடி போட்டு ரீஸ்டோர் பண்றது, பணம் பெண்டிங்ல நிக்கிறது. கடைசி ஒண்ணு நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணம். பெண்டிங்கா இருக்குறப்போ சந்தாவைத் திறந்து விட்டுடாதீங்க, வாங்கியாச்சுன்னு நிலைமை மாறினதுக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் "பணம் உறுதியாகுது, கொஞ்சம் பொறுங்க"ன்னு காட்டுங்க, காட்டலைன்னா அவர் மறுபடி மறுபடி அமுக்குவாரு.

9. ரிவ்யூக்கு அனுப்புறது

ஆப்பிள்ல உங்க முதல் சந்தாவை ஆப்போட ஒரு புது வெர்ஷனோட சேத்துத்தான் அனுப்பணும். வெர்ஷன் பக்கத்துல சந்தாவைத் தேர்ந்தெடுக்க மறந்துட்டு ஆப்பை மட்டும் அனுப்பினா, ரிவ்யூ பண்றவருக்கு காலி ஸ்க்ரீன் வரும். ஒவ்வொரு சந்தாவுக்கும் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் கேக்கும், அது இல்லைன்னா "மிஸ்ஸிங் மெட்டாடேட்டா"ன்னு மஞ்சள்லயே நிக்கும்.

டெமோ லாகின் குடுக்குறப்போ ரெண்டு குடுங்க, ஒண்ணு சந்தா இல்லாதது, ஒண்ணு உள்ளது. சந்தா உள்ளதை மட்டும் குடுத்தா அவருக்கு வாங்குற ஸ்க்ரீனே வராது, "உங்க சந்தா எங்க இருக்கு"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்புவாரு. ஓடிபி லாகின் வெச்சிருந்தா அந்த டெமோ நம்பருக்கு நிலையான ஓடிபி வைங்க, அவர் கைல உங்க சிம் இல்ல.

குறிப்பு எழுதுற இடத்துல படி 1ல எழுதின பேப்பரைச் சுருக்கிப் போடுங்க: இது டிஜிட்டல், இன் ஆப் பர்சேஸ். இது புத்தகம், கூரியர்ல போகுது, அதனால வெளிப் பேமென்ட். ரிஜெக்ட் ஆனா கோவப்பட்டு எழுதாதீங்க, கைட்லைன் நம்பர் குடுத்திருப்பாங்க, அந்த நம்பருக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

10. லைவ் ஆனதுக்கு அப்புறம்

இந்தியாவுல சந்தா நிக்கிறதுக்கு "வேண்டாம்"ங்கிறது மட்டும் காரணம் இல்ல, பணம் வெட்ட முடியாம போறதும் பெரிய காரணம். ரிசர்வ் பேங்க் ரூல்படி தானா வெட்டுற பணத்துக்கு முதல்ல யூஸர் உறுதி பண்ணணும், ஒவ்வொரு தடவையும் 24 மணி நேரம் முன்னாடி தகவல் போகணும். அந்த மெசேஜைப் பாத்துட்டு கேன்சல் பண்றவங்களும் உண்டு, அக்கவுண்ட்ல பேலன்ஸ் இல்லாதவங்களும் உண்டு. ஆப்பிள் வேற 2022ல இந்தியாவுல கார்டு வாங்குறதை நிறுத்திட்டு யுபிஐ, நெட்பேங்கிங், ஆப்பிள் கணக்கு பேலன்ஸ்னு மாறுச்சு.

அதனால க்ரேஸ் பீரியடை ஆன் பண்ணி வைங்க. ஆப்பிள்ல 3, 16, 28 நாள்னு தேர்ந்தெடுக்கலாம், நான் 16 வைப்பேன், சம்பளம் வர்ற வரைக்கும் தாங்கும். அந்த நாள்ல சந்தா திறந்தே இருக்கும், ஸ்டோர் பின்னாடி பணத்துக்கு முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கும். ஆப்பிள் 60 நாள் வரைக்கும் முயற்சி பண்ணும். ஆப்ல மேல சின்னதா "பேமென்ட் போகல, சரி பண்ணுங்க"ன்னு ஒரு வரி காட்டுங்க, இதை ஆன் பண்ணாம விட்டுட்டு விளம்பரத்துக்கு காசு கொட்டுறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற வேலை.

ரீஃபண்ட் கேட்டு யூஸர் உங்களுக்குத்தான் மெசேஜ் பண்ணுவாரு. ஆப்பிள்ல வாங்கினதை உங்களால திருப்பித் தர முடியாது, ஆப்பிள் கிட்டதான் அவர் கேக்கணும், கேன்சலும் அவர்தான் பண்ணணும். கூகுள்ல நீங்களே கன்சோல்ல இருந்து தரலாம். இதுக்கு ரெண்டு தமிழ் பதிலை ஸ்க்ரீன்ஷாட்டோட ரெடியா வெச்சுக்கிட்டா சப்போர்ட் பாக்குற ஆளுக்கு தினமும் ஒரு மணி நேரம் மிச்சம். ஆப்பை அழிச்சா சந்தா நிக்காதுங்கிறதை அந்தப் பதில்லயே முதல் வரியா எழுதுங்க.

விலையை ஏத்துறப்போ பழைய ஆளுங்களுக்கு பழைய விலையையே விட முடியும், ரெண்டு ஸ்டோர்லயும் அந்த வசதி இருக்கு. முதல் தடவை ஏத்துறப்போ அப்படியே விட்டுடுங்க, அம்பது ரூபாய்க்கு ஆசைப்பட்டு இருக்குறவங்களையும் தூண்டிவிட வேண்டாம்.

பணம் எப்ப வரும்னு ஆசிரியர்களுக்கு வாக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க: கூகுள் மாசா மாசம் 15ம் தேதி வாக்குல போன மாசத்துக்கு அனுப்பும். ஆப்பிளோட நிதி மாசம் நம்ம காலண்டர் மாசம் இல்ல, நாலு வாரமோ அஞ்சு வாரமோ ஓடி ஒரு சனிக்கிழமை முடியும், அது முடிஞ்சு 45 நாளுக்குள்ள பணம் வரும். ஜூன் முதல் வாரத்துல வித்தது ஆகஸ்ட்லதான் கைக்கு வரலாம், அதுவரைக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் சர்வர் பில்லுக்கும் ரெண்டு மாசக் காசைத் தனியா எடுத்து வெச்சுட்டு ஆரம்பிங்க.